ஃபெரட்டுக்குத் தெள்ளு மருந்தா? முதலில் தராசை எடு, தங்கச்சி!

நேற்று ராத்திரி நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். சமையலறை மேடையில் மூன்று பொருள்கள். நாய்க்கான சொட்டு மருந்து ஒன்று, பூனைக்கானது ஒன்று, ‘இயற்கை’ என்று பச்சை எழுத்தில் போட்ட ஸ்ப்ரே ஒன்று. ஓரத்தில் உன் பெண்ணின் மடியில் அந்த ஃபெரட், பின்னங்காலைத் தூக்கிக் கழுத்தைச் சொறிகிற கோலத்தில். “அக்கா, இதில் எதைப் போட?” என்று கேட்டிருந்தாய். காலை வரை எதையும் போடாதே என்று மட்டும் பதில் அனுப்பினேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கிலாந்தில் ஃபெரட் வளர்க்கிற மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கும் காட்டு.

யார்க்‌ஷருக்கு வந்த புதிதில்தான் நான் முதன்முதலாக ஃபெரட்டைப் பார்த்தேன். பக்கத்து வீட்டுத் தாத்தா நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கொட்டகையில் ஆறு ஃபெரட் வைத்திருந்தார். வளைக்குள் இவற்றை விட்டு முயலை வெளியே விரட்டிப் பிடிப்பது அந்தப் பக்கத்துப் பழைய வழக்கம். கீரிப்பிள்ளை என்றுதான் நான் நினைத்தேன். கீரி இல்லை, நம்ம ஊர் நீர்நாய்க்குத்தான் அது பங்காளி. ஐரோப்பாவின் போல்கேட் என்ற காட்டுப் பிராணியைப் பழக்கி, 2000 வருஷத்துக்கும் மேலாக மனிதர்கள் வளர்த்து வருகிறார்கள். ஆணை ஹாப் என்றும் பெண்ணை ஜில் என்றும் சொல்ல அவர்தான் கற்றுக் கொடுத்தார். என் மல்லியும் கருப்பனும் அவர் கொட்டகையில் பிறந்தவைதான்.

அவர் என் கையில் குட்டிகளைக் கொடுத்தபோது சொன்ன முதல் விஷயம் தீனியைப் பற்றி இல்லை. “எடையைத் தெரிந்து வைத்துக்கொள், மருந்து விஷயத்தில் அதுதான் எல்லாம்” என்றார். ஒரு ஜில் 600 கிராமில்கூட இருக்கும், ஒரு ஹாப் 2 கிலோ வரை போகும். அதுவும் நிலையான எடை இல்லை. இலையுதிர் காலத்தில் கொழுப்புப் போட்டு, வசந்தத்தில் இளைத்துவிடும். போன அக்டோபரில் எடுத்த எடையை வைத்து இந்த ஏப்ரலில் மருந்து போட்டால் கணக்குத் தப்பும். நான் அரிசி மாவு நிறுக்கிற டிஜிட்டல் தராசில் ஒரு ஆழமான பிளாஸ்டிக் டப்பாவை வைத்து, பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, உள்ளே மல்லியை விடுவேன். ஒரு நொடி நிற்காது. கொஞ்சம் சால்மன் எண்ணெயை டப்பா அடியில் தடவினால் நக்கிக்கொண்டே பத்து நொடி தலை குனிந்து நிற்கும், அந்தப் பத்து நொடி போதும். நேற்றைய எடை 740 கிராம். எண்ணைக் காலண்டரில் எழுதி வைப்பேன்.

முதலில், அது தெள்ளுதானா?

சொறிகிற ஃபெரட்டுக்கு எல்லாம் தெள்ளு இருக்கும் என்று நினைக்காதே. நான் அப்படி நினைத்து ஒரு வருஷம் வீணடித்தேன். கருப்பனுக்கு நாலு வயது நடக்கும்போது வாலில் முடி கொட்டியது, ராப்பகலாக அரிப்பு. தெள்ளுதான் என்று முடிவு கட்டி மாதாமாதம் மருந்து போட்டேன். அரிப்பு நிற்கவில்லை, முடி உதிர்வது வாலிலிருந்து இடுப்புக்கு ஏறியது. கடைசியில் ஃபெரட் பார்த்துப் பழகிய ஒரு கால்நடை மருத்துவரிடம் போனபோதுதான் அட்ரீனல் சுரப்பி நோய் என்று தெரிந்தது. நடுவயது ஃபெரட்டுகளுக்குச் சாதாரணமாக வருகிற நோய் அது. வால் பக்கம் தொடங்கி இரண்டு புறமும் ஒரே மாதிரி முடி கொட்டும், அரிக்கும், பூச்சி ஒன்றும் இருக்காது. தோலுக்கு அடியில் ஒரு ஹார்மோன் இம்ப்ளாண்ட் வைத்த பிறகு முடி திரும்ப முளைத்தது. அந்த ஒரு வருஷம் நான் போட்ட மருந்து அத்தனையும் அந்தச் சின்ன உடம்புக்கு வேண்டாத சுமை. அதை நினைத்தால் இப்போதும் மனசு கேட்பதில்லை.

அதனால் மருந்துக்கு முன்னால் சீப்பை எடு. நம் வீட்டுப் பேன் சீப்பு போதும். வெள்ளை டிஷ்யூ தாளை நனைத்து மேசையில் விரி. கழுத்துக்குப் பின்னாலும் முதுகு நெடுகிலும் வாலடியிலும் வாரு. சீப்பில் வருகிற கறுப்புப் பொடியை ஈரத் தாளில் தட்டு. மண்ணாக இருந்தால் கறுப்பாகவே கிடக்கும். தெள்ளின் கழிவாக இருந்தால் அரை நிமிஷத்தில் அதைச் சுற்றிச் செம்பழுப்பு வளையம் படரும். அது செரித்த ரத்தம். வளையம் படர்ந்தால், உயிருள்ள பூச்சி ஒன்றுகூட கண்ணில் படாவிட்டாலும், தெள்ளு இருக்கிறது என்று அர்த்தம். காதில் இருக்கும் செம்பழுப்பு மெழுகைப் பார்த்துப் பயப்படாதே, ஃபெரட்டுக்குக் காதழுக்கின் இயல்பான நிறமே அதுதான். மெழுகு கறுத்து, தலையை உதறிக்கொண்டே இருந்தால் மட்டும் காதுச் சிற்றுண்ணியா என்று மருத்துவரைப் பார்க்கச் சொல்.

இங்கே இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். மருந்துக்குப் பயந்து தெள்ளை அப்படியே விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு ஜில்லின் உடம்பில் ஓடுகிற மொத்த ரத்தமே சுமார் 40 மில்லி, ஹாப்புக்கு 60 மில்லி. ஜில்லின் மூன்று மேசைக்கரண்டிகூட நிரம்பாத ரத்தத்தை நூறு பூச்சி தினமும் உறிஞ்சினால் என்ன மிஞ்சும்? ஈறு வெளுத்து, குட்டி துவண்டு போகும். பால் மறக்காத குட்டிகள் இதனால் செத்தும் போகும். ஆகவே மருந்து போடலாமா வேண்டாமா என்பது கேள்வி இல்லை. எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எந்த உடம்புக்கு என்பதுதான் கேள்வி.

நாய் மருந்தில் பாதி என்கிற கணக்கு

உன் மேடையில் இருந்த நாய் மருந்தை அலமாரியில் எட்டாத உயரத்தில் வை, அல்லது நாய் வளர்க்கிறவர்களுக்குக் கொடுத்துவிடு. “நாய்க்குப் போடுவதில் பாதி போட்டால் ஃபெரட்டுக்குச் சரியாக இருக்கும்” என்று கடைகளில் சொல்வார்கள். எனக்கும் ஒரு கடையில் சொன்னார்கள். நான் வீட்டுக்கு வந்து பெட்டியின் பின்பக்கத்தைப் படித்தேன். படித்ததால் மல்லி தப்பித்தாள்.

அட்வகேட் என்ற சொட்டு மருந்தை எடுத்துக்கொள். சின்னப் பூனைக்கும் ஃபெரட்டுக்கும் என்று விற்கிற குழாயில் 0.4 மில்லி இருக்கும். சின்ன நாய்க்கான குழாயிலும் அதே 0.4 மில்லி, பெயரும் அதே. தெள்ளைக் கொல்லும் இமிடாகுளோப்ரிட் இரண்டிலும் 40 மில்லிகிராம். ஆனால் புழுக்களைக் கொல்லும் மாக்சிடெக்டின் பூனைக் குழாயில் 4 மில்லிகிராம், நாய்க் குழாயில் 10 மில்லிகிராம். இப்போது பாதி போட்டுப் பார். தெள்ளு மருந்து 20 மில்லிகிராமாகக் குறைந்து, ஃபெரட்டுக்கு அனுமதித்த அளவில் பாதிக்கு வந்துவிடும். மாக்சிடெக்டின் 5 மில்லிகிராம், அதாவது பாதியாக்கிய பிறகும் அனுமதித்த அளவைவிட அதிகம். வேண்டியது குறைந்து வேண்டாதது கூடுகிற கணக்கு இது. நாய்க்கான எந்த அளவையும், பெரிய பூனைக்கான 0.8 மில்லியையும் ஃபெரட்டுக்குப் போடக் கூடாது என்று அந்த மருந்தின் தாளிலேயே அச்சிட்டிருக்கிறார்கள்.

இதைவிட மோசமான ஒன்று பெர்மெத்ரின். சூப்பர் மார்க்கெட்டில் மருத்துவர் சீட்டு இல்லாமல் கிடைக்கிற நாய்ச் சொட்டு மருந்து பலவற்றில் இது செறிவாக இருக்கிறது. பூனையின் கல்லீரலால் இதைச் சரியாக முறித்து வெளியேற்ற முடியாது. நாய்க்குப் போட்ட இடத்தில் உரசினால்கூட நடுக்கம் கண்டு, வலிப்பு வந்து செத்துப்போன பூனைகள் உண்டு. ஃபெரட்டின் கல்லீரலும் சில மருந்துகளை முறிப்பதில் பூனையைப் போலவே மந்தமானது. நாம் தலைவலிக்குப் போடுகிற பாராசிட்டமால்கூட அதற்கு ஆபத்து. பெட்டியில் ‘பெர்மெத்ரின்’ என்ற சொல்லைப் பார்த்தால் மேலே படிக்காதே, கீழே வைத்துவிடு. ‘பூனைக்குப் போடாதே’ என்று குறுக்குக் கோடு போட்ட பூனைப் படம் இருந்தாலும் அப்படியே.

எதைப் போடலாம்?

பிரிட்டனில் ஃபெரட் என்ற பெயரையே அச்சிட்டு அனுமதி பெற்றவை இருக்கின்றன. ஒன்று நான் சொன்ன அட்வகேட்டின் 0.4 மில்லிக் குழாய். இது மருத்துவர் எழுதிக் கொடுத்தால்தான் கிடைக்கும். ஒரு முறை போட்டால் மூன்று வாரம் தெள்ளு அண்டாது. வீடு முழுக்கத் தெள்ளு என்றால் இரண்டு வாரத்தில் இன்னொரு முறை போடச் சொல்வார்கள். 800 கிராமுக்குக் குறைந்த ஃபெரட் என்றால் நன்மை தீமையை மருத்துவர் எடைபோட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். என் மல்லி 740 கிராம் இல்லையா? அதனால் நான் ஒவ்வொரு முறையும் கேட்டுத்தான் போடுகிறேன். அவள் எடையைச் சொல்லாமல் கேட்டிருந்தால் ஒரு மருத்துவராலும் சரியான பதில் சொல்லியிருக்க முடியாது.

இன்னொன்று ஃப்ரண்ட்லைன் காம்போ, பூனைக்கும் ஃபெரட்டுக்கும் பொதுவான 0.5 மில்லிக் குழாய். ஃபிப்ரோனில் வளர்ந்த தெள்ளைக் கொல்லும், எஸ்-மெத்தோப்ரீன் முட்டை வளராமல் தடுக்கும். ஆறு மாதத்துக்குக் குறைந்த ஃபெரட்டுக்குப் போடக் கூடாது. இரண்டு முறைக்கு நடுவில் குறைந்தது நாலு வாரம் இடைவெளி வேண்டும். உன் வீட்டில் முயலும் இருக்கிறது என்று உன் பெண் சொன்ன ஞாபகம். ஃபிப்ரோனில் முயலுக்கு விஷம், உயிரையே எடுத்துவிடும். ஃபெரட்டுக்குப் போட்ட கையோடு முயலைத் தூக்காதே. முயல் இருக்கிற வீட்டில் நான் இந்த மருந்தையே வாங்க மாட்டேன்.

செலாமெக்டின் மாதிரி, பெட்டியில் ஃபெரட் பெயர் இல்லாத பூனை மருந்தை மருத்துவர் எழுதிக் கொடுத்தால் பதறாதே. இங்கே அதற்குச் சட்டப்படியே ஒரு வழி உண்டு, ‘கேஸ்கேட்’ என்பார்கள். எடை பார்த்து, அளவு கணக்கிட்டு, பொறுப்பேற்று எழுதுகிறார். அதே மருந்தை நீயாக வாங்கிப் போடுவது வேறு விஷயம். நாய்களுக்கு வாயில் கொடுக்கிற புதிய மாத்திரைகளும் அப்படித்தான். ஐசோக்சசோலின் வகை மாத்திரைகளால் நாய் பூனைகளுக்கு நடுக்கமும் வலிப்பும் வரலாம் என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2018-இல் எச்சரித்தது. நாய்க்கே அந்த எச்சரிக்கை என்றால், ஒரு கிலோ ஃபெரட்டுக்கு அதை நம் இஷ்டத்துக்கு உடைத்துக் கொடுக்கலாமா?

அந்தப் பச்சை எழுத்து ஸ்ப்ரேயைப் பற்றிச் சொல்லாவிட்டால் நீ அதைத்தான் எடுப்பாய், எனக்குத் தெரியும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், பொருள் பட்டியலில் டீ ட்ரீ எண்ணெய் இருக்கிறது. செடியிலிருந்து எடுத்தது என்பதால் அது சாது ஆகிவிடாது. தோல் வழியாக ஏறி, பூனை போன்ற சின்னப் பிராணிகளைத் தள்ளாட வைத்து, நடுங்க வைக்கும். பென்னிராயல் எண்ணெய் கல்லீரலையே கெடுக்கும். பூண்டு அரைத்துத் தீனியில் கலந்தால் தெள்ளு அண்டாது என்று நம்மவர்களே சொல்வதுண்டு. வெங்காயமும் பூண்டும் ஃபெரட்டின் சிவப்பணுக்களை உடைக்கும், தெள்ளு செய்கிற ரத்தசோகையை நாமே செய்துவிடுவோம். வேப்பெண்ணெயும் வேண்டாம், தன் உடம்பைத் தானே நக்குகிற பிராணி அது. டயடம் மண் தூவினால், மூக்கைத் தரையில் தேய்த்தே நடக்கிற ஃபெரட்டின் நுரையீரலுக்குள்தான் போகும். கழுத்துப் பட்டை கட்டினால், கூண்டு ஊஞ்சலில் மாட்டிக் கழுத்து நெரியும் அபாயம் வேறு.

போடுகிற முறை

இதைப் பொறுமையாகப் படி. பாதித் தொல்லை போடுகிற விதத்தில்தான் வருகிறது.

பிடரித் தோலைப் பிடித்துத் தூக்கினால் ஃபெரட் கொட்டாவி விட்டுத் தொங்கிவிடும். தாய் கவ்வித் தூக்கும்போது வருகிற அதே அடங்கல் அது. பிடிக்கும்போது பின்பாகத்தை இன்னொரு கையால் தாங்கு. உன் பெண் பிடிக்கட்டும், நீ போடு. மண்டையோட்டுக்குக் கீழே, கழுத்தின் பின்புறத்தில் முடியைப் பிரித்து, வெளுத்த தோல் தெரியும் வரை விலக்கு. குழாய் நுனியைத் தோலில் தொட்டு மெதுவாகப் பிதுக்கு. முடியின் மேல் வழிந்தால் மருந்து வீண், தோளுக்கு இறங்கினால் நாக்கு எட்டிவிடும். புண்ணோ சிராய்ப்போ இருக்கிற தோலில் வேண்டாம். ஒரே கூண்டில் இரண்டு இருந்தால் காயும் வரை தனித்தனியாக வை. ஒன்றை ஒன்று நக்கிக்கொள்வதுதான் அவற்றின் பாசம், மருந்து அப்படித்தான் வயிற்றுக்குள் போகும். முதல் நாளோ மறுநாளோ குளிப்பாட்டாதே. ராத்திரி படுக்கப் போகும்போது போடுவதும் கூடாது. நான் காலை பத்து மணிக்கு, மருத்துவமனை திறந்திருக்கிற நாளாகப் பார்த்துப் போடுவேன். மாலை வரை கண்ணில் வைத்துப் பார்க்க முடிகிற நாளாக இருக்க வேண்டும்.

போட்ட கொஞ்ச நேரத்தில் வாயில் நுரை நுரையாக எச்சில் ஒழுகினால், பெரும்பாலும் நக்கிக் கசப்புப் பட்டதால்தான். சில நிமிஷத்தில் நின்றுவிடும். எச்சில் நிற்காமல் நடுக்கமும் தசைத் துடிப்பும் தள்ளாட்டமும் வந்தால் அது வேறு. தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஃபோன் செய். அவர்கள் கழுவச் சொன்னால், பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுத்தை நன்றாகக் கழுவி, துடைத்து, கதகதப்பான துண்டில் சுற்றிக் கொண்டுபோ. நீயாக வாந்தி எடுக்க வைக்காதே. மருந்துப் பெட்டியைக் கையோடு எடுத்துப் போ, வெறும் குழாய் போதாது. ராத்திரி நேரம் என்றால் அனிமல் பாய்சன்லைன் என்ற விஷ ஆலோசனைத் தொலைபேசிச் சேவை 24 மணி நேரமும் இருக்கிறது. கட்டணம் உண்டு, ஆனால் கொடுக்கத் தகுந்தது. உன் ஃபெரட்டின் வயதையும் மறக்காமல் சொல். மூன்று நாலு வயதுக்கு மேல் இன்சுலினோமா என்ற கணையக் கட்டி வருவது சகஜம். சர்க்கரை இறங்கி, வெறித்துப் பார்த்து, எச்சில் ஒழுக, பின்னங்கால் துவண்டு விழும். மருந்து போட்ட அன்று அது நடந்தால் நாம் மருந்தையே குறை சொல்லிக்கொண்டு, உண்மையான நோயைத் தவறவிட்டுவிடுவோம்.

பாதி வேலை வீட்டில்

உடம்பில் நீ பார்க்கிற தெள்ளு மொத்தத்தில் நூற்றில் ஐந்து பங்குதான் என்பார்கள். மீதி முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் கார்ப்பெட்டிலும் சோபா இடுக்கிலும் ஊஞ்சல் துணியிலும் கிடக்கிறது. ஒரு பெண் தெள்ளு தினமும் 20, 30, சில நேரம் 50 முட்டைகூட இடும். கூட்டுக்குள் வளர்ந்து முடிந்த தெள்ளு மாதக்கணக்கில் சாப்பிடாமல் காத்திருந்து, காலடி அதிர்வும் உடல் சூடும் மூச்சுக்காற்றும் பட்டவுடன் வெளியே வரும். அதனால்தான் லீவு முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் காலில் கடி விழுகிறது. மருந்து வேலை செய்யவில்லை என்று இரண்டாவது டோஸை அவசரப்பட்டுப் போடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

ஊஞ்சல், போர்வை, உறங்கும் பை எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை 60 டிகிரியில் துவை. வேக்குவம் கிளீனரைத் தினமும் போடு. அதன் அதிர்வே கூட்டுக்குள் இருக்கிற தெள்ளை வெளியே கிளப்பும். தூசிப் பையை உடனே வெளித் தொட்டியில் போட்டுவிடு. வீட்டுக்கு அடிக்கிற ஸ்ப்ரேக்கள் பலவற்றில் அதே பெர்மெத்ரின் இருக்கிறது. அடிப்பதானால் ஃபெரட்டையும் முயலையும் வெளியேற்றி, மீன் தொட்டியை மூடி, நன்றாகக் காய்ந்து காற்றோடிய பிறகுதான் உள்ளே விட வேண்டும். வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் அவற்றுக்கும் அதே வாரம் அவற்றுக்குரிய மருந்து போட வேண்டும்.

தெள்ளு இல்லாத மாதத்தில் வழக்கத்துக்காக மருந்து போடுவதை நான் நிறுத்திவிட்டேன். சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இங்கிலாந்தின் 20 ஆறுகளில் எடுக்கப்பட்ட தண்ணீரில், 98 சதவீத மாதிரிகளில் ஃபிப்ரோனில் இருந்ததாக 2020-இல் சொன்னார்கள். வயலில் தெளிக்கத் தடைசெய்த மருந்து, நம் செல்லப் பிராணிகளின் முதுகிலிருந்தும் துவைக்கிற துணியிலிருந்தும் ஆற்றுக்குப் போகிறது. ஆற்றுப் பூச்சிகள் செத்தால் மீனுக்கும் பறவைக்கும் என்ன இருக்கும்? மாதம் இரண்டு முறை சீப்பு போட்டுப் பார்க்கிறேன், வளையம் படர்ந்தால் மட்டுமே மருந்து. உன் மருத்துவர் வேறு விதமாகச் சொன்னால் அவர் சொல்வதையே கேள், உன் ஃபெரட்டைத் தொட்டுப் பார்ப்பவர் அவர்தான்.

இன்று மாலை உன் பெண் பள்ளியிலிருந்து வந்ததும் இரண்டு பேருமாகச் சீப்பு போட்டுப் பாருங்கள். அந்தத் தாளை அப்படியே படம் எடு. குட்டியை டப்பாவில் விட்டு எடை பார்த்து, எடை, வயது, வீட்டில் இருக்கிற மற்றப் பிராணிகள், இதுவரை என்ன மருந்து போட்டாய் என்று நாலு வரி ஒரு தாளில் எழுது. நாளைக் காலை எட்டரைக்கு மருத்துவமனைக்கு ஃபோன் செய்து, “ஃபெரட் பார்க்கிற மருத்துவர் யார்?” என்று கேட்டு அவரிடமே நேரம் வாங்கு. எடையைப் பார்த்தவுடன் எனக்கும் ஒரு மெசேஜ் போடு, நான் விழித்துத்தான் இருப்பேன்.